ஒலி புகாத அறை

இறங்கவே கூடாதது இறங்கிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலேறிப் போயின. காதுப் பரிசோதனைக் கூடத்தின் அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் அரதப்பழசு. அதற்கு அப்டேட் வருவது நின்று வருஷக்கணக்காகிறது. கருவியைச் செய்த கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டார்கள். ஆனால் சோதனைக் கருவி அதோடு மட்டும்தான் ஒத்துப்போகும் என்று அவள் கணவர் அதைக் கைக்குழந்தை மாதிரி காப்பாற்றி வைத்திருந்தார். அவர் போன பிறகு கூடத்தை அவள்தான் ஒண்டியாக நடத்துகிறாள். மதியம் கரண்ட் போய் வந்ததில் சோதனை மென்பொருள் அழிந்துபோயிற்று. அதைத்தான் நெட்டிலிருந்து மறுபடி இறக்கிப் பார்க்கிறாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

"என்ன அண்ணி, கிடைக்கலன்னு வந்துடுச்சா?" போனில் கொழுந்தன் கேட்டான். கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"இல்லப்பா. இறங்குது."

"இறங்க வழியில்லையே... அந்த சர்வரையே எப்பவோ நிறுத்திட்டாங்க. ஒரு நப்பாசையிலதான் போட்டுப் பாக்கச் சொன்னேன்." கொஞ்சம் யோசித்தான். "நெட் வயர் மாட்டியிருக்கில்ல? வயர் இல்லாம அந்தக் கிழத்துக்கு எதுவும் வராது."

அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். வயரின் முனை தூசிக்குள் தனியாகக் கிடந்தது.

"மாட்டலப்பா."

"அண்ணி, அத அப்படியே ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குக் கெளம்புங்க. காலையில நான் வந்து பாக்கறேன்."

"சரி," என்று போனை வைத்தாள். ஆஃப் பண்ணவில்லை.

பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை. அவர் கிடத்தப்பட்டிருந்த அன்றும் இப்படித்தான். வந்தவர்கள் எல்லாரும் கட்டிக்கொண்டு அழ, இவள் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி அன்றிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

எழுத்துகள் நின்றன. நிறுவல் முடிந்தது. சோதனையைத் தொடங்கவா என்று திரை கேட்டது.

எப்படியும் சரிபார்த்தாக வேண்டும். தொடங்கினாள்.

எதிரே கண்ணாடிக்கு அப்பால் சோதனை அறை. சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும் பஞ்சுச் சுவர்களும், அடைபட்ட காற்றில் ஊறிப்போன பழைய ரப்பர் வாடையும், மங்கலான ஒற்றை விளக்கும், அதன் கீழே காலி நாற்காலியும், பக்கத்துக் கொக்கியில் மாட்டிய ஹெட்ஃபோனும், அதனடியில் தொங்கும் பொத்தானும்தான் அங்கே இருந்தன. உள்ளே உட்காருபவருக்கு ஒலி கேட்டால் பொத்தானை அமுக்குவார். இங்கே அவள் மேசையில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை.

முதல் ஒலியை அனுப்பினாள்.

விளக்கு எரிந்தது.

வயரில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். எரியவில்லை. மறுபடி அனுப்பினாள். எரிந்தது.

ஒலியைக் குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எந்த மனுஷக் காதுக்கும் எட்டாத அளவுக்கு, கருவி இறங்கக்கூடிய அடிமட்டம்வரைக்கும் குறைத்தாள்.

எரிந்தது.

கண்ணாடியைப் பார்க்காமல் விளக்கையே பார்த்தாள். "நீங்களா?" என்றாள், உதடு மட்டும் அசைய. மைக் அணைந்திருந்தது. அந்தச் சுவரைத் தாண்டி இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

எரிந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டாள். அவர் பெயரை மனசுக்குள் சொன்னாள். வெறும் நினைப்புதான்.

எரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நினைப்பை அவள் வரவழைக்கவில்லை. தானாக வந்தது. இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாதது. தனக்கே சொல்லிக்கொள்ளாதது.

திரும்பி வந்துடாதீங்க.

எரிந்தது. இந்த முறை அணையவில்லை.

நிமிர்ந்தாள்.

கொக்கியில் ஹெட்ஃபோன் இல்லை. நாற்காலிக்கு மேலே இருந்தது. உட்கார்ந்த ஆளின் தலை இருக்கும் உயரத்தில். அந்தரத்தில். இரண்டு காது மூடிகளுக்கும் நடுவே ஒரு தலைக்கான இடைவெளி. தலை இல்லை.

அது மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

பிறகு அந்த இடைவெளி அகன்றது. இன்னும் கொஞ்சம். எந்த மனுஷத் தலைக்கும் வேண்டாத அளவுக்கு. ஹெட்ஃபோனின் மேல்வளைவு விறைத்து, நடுவில் வெள்ளையாக வெடிப்பு ஓடி, இன்னும் அகன்றது. சத்தமே வரவில்லை.