நான்காம் இருக்கை

பெரிய வெள்ளி. காலை 11.35.

நீனெத் கொயோயின் வலைப்பூவில் அவள் எழுதாத பதிவு ஒன்று வெளியாகி ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

"மாதாவின் தலையில் இருப்பது தகரக் கிரீடம். வெள்ளிக் கிரீடத்தை ஊர்வலச் சபைத் தலைவர் ருதீலியோ விற்றுவிட்டார்." இப்படித் தொடங்கி மூன்று நீளப் பத்திகள். அரை மணி நேரத்தில் தட்டான் வந்து, கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் கிரீடத்தை உரசிப் பார்த்து, அசல் வெள்ளி என்று சொல்லிவிட்டார். சான் கிறிஸ்பின் ஊரே கொதித்துப்போனது.

உதவி ஆய்வாளர் எலூவியா, அப்தோனின் இணையக் கடைக்குள் நுழைந்தபோது நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா!" என்றாள்.

ருதீலியோ முந்திக்கொண்டார். ஊர்வலத்துக்கு ஆயத்தமாக ஊதா அங்கியும் வெள்ளைக் கையுறையும் அணிந்திருந்தார். "மூணு மணிக்கு நீதிபதிகிட்ட போறேன். இவளைப் பிடிச்சு உள்ளே போடணும். வலைப்பூவை இழுத்து மூடணும்."

"நான் எழுதலங்க!" என்றாள் நீனெத். இருபத்தாறு வயது. இரவெல்லாம் ஊர்வலத் தெருவில் சாயமேற்றிய மரத்தூளால் கோலம்போலக் கம்பளம் போட்ட களைப்பு கண்ணில் தெரிந்தது. விரல்களில் ஊதாச் சாயம்.

"பக்கம் உன்னுது, பொறுப்பும் உன்னுது" என்றான் வால்தெமார், தலைநகர நாளிதழின் ஊர் நிருபர். அவன் விரல்களில் சிவப்பு. "எங்களுக்கு மேல ஒரு ஆசிரியர் இருக்காரு. உனக்கு யாரும்மா இருக்கா? மனசுல பட்டதெல்லாம் செய்தியா?"

"உங்க ஆசிரியர் காட்டைப் பத்தி ஒரு வரி போட விட்டாரா?"

வால்தெமார் விரலில் இருந்த சிவப்பைத் தேய்க்கத் தொடங்கினான்.

காட்டு விஷயம் எலூவியாவுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பளத்துக்கு மரத்தூள் வேண்டும் என்ற பெயரில் ருதீலியோவின் சபை ஊர்ப் பொதுக்காட்டில் பைன் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கதை வெள்ளிக்கிழமை மாலை வரும் என்று நீனெத் திங்களன்றே தன் வலைப்பூவில் அறிவித்திருந்தாள்.

"புகார்ல கையெழுத்துப் போடுங்க, தோன் ருதீலியோ" என்றாள் எலூவியா, ஊர்ப் பெரியவர்களுக்குரிய மரியாதை அடைமொழியோடு.

அவர் அவள் நீட்டிய பேனாவைப் பார்த்து முகம் சுளித்தார். "துடைச்சுக் குடும்மா. பச்சை ஒட்டிக்கும். நான் மாதாவைத் தூக்கணும்."

எலூவியா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டு வாசல் கம்பளத்தின் இலைகளெல்லாம் அந்த விரல்களில் இருந்தன. பேனாவைத் துடைத்துக் கொடுத்தாள்.

11.50. விசாரணை.

"பதிவு எந்த இயந்திரத்திலிருந்து போச்சு?" என்றாள் எலூவியா.

"நாலாம் நம்பர். பத்து இருபதுக்கு" என்றார் கடைக்காரர் அப்தோன். "பதிவேட்டுல இருக்கு. நீனெத் வழக்கமா உட்கார்ற இடம். அவ வலைப்பூ அதுல எப்பவும் திறந்தேதான் கிடக்கும். மூடுடி மூடுடின்னு நானும் சொல்லி அலுத்துட்டேன்."

"காலையில அவ உட்கார்ந்தாளா?"

"எட்டரைக்கு. கீபோர்டு பூரா ஊதா! ஒன்பது மணிக்கு ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சேன். அதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் போக நேரமில்ல. பின்னாடி பிரிண்டரோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்."

"ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவுல யார் யார் வந்தாங்க?"

"இவங்க மூணு பேர்தான். நீனெத் கம்பளத்துக்குப் பூ அச்சு பிரிண்ட் எடுக்க வந்தா. வால்தெமார் படம் அனுப்ப வந்தான். தோன் ருதீலியோ போன் பேச ஒதுக்குப்புறமா இடம் கேட்டாரு."

"பத்தே காலுக்கு நான் வந்தது நிஜம்" என்றாள் நீனெத். "ஆனா இரண்டாம் நம்பர்ல உட்கார்ந்தேன்."

எலூவியா வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்தோன் தானே உட்காரும் முதல் இயந்திரத்தின் விசைகளில், அவர் விரல்களில் இருந்த அதே மஞ்சள். இரண்டாவதில் ஊதா. மூன்றாவதில் சிவப்பு. நான்காவதன் திரை இருண்டிருந்தது. ஒரு விசையை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. விசையில் பச்சையாக ஒரு சுவடும் வந்தது.

"அட, நீங்களுமா!" என்று அப்தோன் அலுத்துக்கொண்டார்.

எலூவியா குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

12.05.

"அப்தோன், இந்தக் கீபோர்டுல எத்தனை கறை இருக்கு?"

"நீங்க வச்ச ஒன்னுதான்."

"அதுதான் விஷயம். நான் ஒரு விசையைத் தொட்டேன், ஒட்டிக்கிச்சு. பத்து இருபதுக்கு இதே இடத்துல ஒருத்தர் மூணு பத்தி தட்டியிருக்காரு. நீனெத் தட்டியிருந்தா ஊதா இருக்கணும். வால்தெமார் தட்டியிருந்தா சிவப்பு. இன்னைக்கு இந்த ஊர்ல சாயம் படாத கை யாருக்கு இருக்கும்? மாதாவைத் தூக்கறவங்க மட்டும்தான் புதன்கிழமையிலிருந்து மரத்தூளைத் தொடறதில்ல."

"பல்லக்குத் தூக்க எண்பது பேர் இருக்காங்க!" என்றார் ருதீலியோ.

"கடைக்குள்ள வந்தது நீங்க ஒருத்தர்தானே?"

"என்னை நானே திருடன்னு எழுதிப்பேனா? பைத்தியமா எனக்கு?"

"பொய்யின்னு அஞ்சு நிமிஷத்துல நிரூபிக்கிற மாதிரி ஒரு பழி. கிரீடம் ஊரறிய மாதா தலையில இருக்கு. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா இவ பொய்க்காரின்னு ஆயிடும். வலைப்பூவை நீதிபதி மூடிடுவாரு. சாயங்காலம் காட்டுக் கதை வராது. வந்தாலும் யார் நம்புவாங்க? தட்டானை எத்தனை மணிக்கு வரச் சொன்னீங்க? இதே தெருவுலதான் இருக்காரு, கூப்பிட்டுக் கேட்கட்டுமா?"

ருதீலியோ கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"ஒன்பதரைக்கு" என்றார் கடைசியில்.

"பதிவு வர்றதுக்கு ஐம்பது நிமிஷம் முன்னாடி" என்று எலூவியா குறித்துக்கொண்டாள். "மூணு மணிக்கு நீதிபதிகிட்ட போகத்தான் போறோம். புகார் மட்டும் வேற."

நீனெத் நான்காம் இருக்கையில் உட்கார்ந்தாள். முதலில் பொய்ப் பதிவுக்கு மேலே, இதை எழுதியது யார் என்று இரண்டு வரி சேர்த்தாள். அதை அழிக்கவில்லை. பிறகு புதுப் பக்கம் திறந்தாள்.

"தோன் ருதீலியோ, காட்டுக் கதை சாயங்காலம் வருது. உங்க பக்கத்தைக் கேட்காம நான் போடறதில்ல. நீங்க சொல்றது அப்படியே வரும், ஒரு வார்த்தை குறையாது. பொதுக்காட்டுல இதுவரைக்கும் எத்தனை மரம் வெட்டினீங்க?"

வெளியே பாண்டு வாத்தியம் ஒத்திகை தொடங்கியது. அவர் குனிந்து, அவள் காதில் மட்டும் விழும்படி ஓர் எண்ணைச் சொன்னார். ஊதா விரல்கள் தட்டின.

வால்தெமார் எட்டிப் பார்த்தான். "எத்தனைன்னாரு?"

"ஆறு மணிக்கு என் வலைப்பூவுல படிச்சுக்கோங்க" என்றாள் நீனெத். "ஆசிரியர்கிட்ட அனுமதி வாங்கிட்டு."