காத்திருப்போர் பட்டியல்

இரண்டே இருக்கைகள் உள்ள நிகழ்ச்சிக்கு மூன்றாவதாக ஒரு பெயர் பதிவாகியிருந்தது. குன்வோர் அதைக் கவனித்தது நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் நாலு மணிக்கு. பனி நாட்டுக் குளிர்காலம், வெளியே அதற்குள் நன்றாக இருட்டிவிட்டிருந்தது, அடுப்பில் ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் மெதுவாகக் கொதித்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்திருந்தது, அவள் சமையலறை மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்துவைத்துத் தான் செய்துகொண்டிருந்த இணைய நாட்காட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சியே பொய். சோதனைக்காக அவள் போட்டது. வியாழன் சாப்பாடு, இடம் வீடு, மாலை ஐந்து மணி, இருக்கைகள் இரண்டு, வாராவாரம். முடியும் தேதியைக் காலியாக விட்டிருந்தாள். ஓர் இருக்கை அவளுக்கு, இன்னொன்று மகள் இல்வாவுக்கு. போன வாரம் சாப்பிட வந்த இல்வா தன் கைபேசியில் 'வருகிறேன்' பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா வேலை செய்யுது. இனிமே உன் கையால சாப்பிடறதுக்கும் டிக்கெட் எடுக்கணும் போல" என்று கேலி செய்திருந்தாள். இருக்கைகள் நிறைந்துவிட்டதால் நாட்காட்டி அடியில் இன்னொரு பகுதியைத் தானாகத் திறந்திருந்தது. காத்திருப்போர்: ஒருவர். தோர்கைர்.

தோர்கைர் அவளுடைய கணவன். அவன் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அவள் கத்தவில்லை. கணினியோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது ஏதோ பிழை என்பதுதான். நாட்காட்டி தோர்கைர் இருந்த மீன் மருத்துவர் சங்கத்துக்காக; சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியலை அப்படியே புதிய தளத்துக்கு மாற்றியிருந்தாள். நாட்டின் மேற்குக் கரையில் சால்மன் மீன் பண்ணைகளைப் பார்த்துக்கொள்ளும் நானூறு மீன் மருத்துவர்களின் பெயர்கள். அவற்றில் நான்கை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குத்தான் கை வரவில்லை. அந்த நான்கில் ஒன்று எப்படியோ இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு அடுப்பைக் குறைத்தாள்.

ஆனால் பெயரை நீக்க அவளால் முடியவில்லை. முடியாதபடி செய்தவளும் அவளே.

போன வருஷம் சங்கத்தில் கடலில் உயிர் தப்பும் பயிற்சி நடந்தது. கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து, உறையும் தண்ணீரில், எப்படி வெளியே வருவது என்று நீச்சல் குளத்தில் கற்றுக்கொடுப்பார்கள். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். தோர்கைர் காத்திருப்போரில் முதல் ஆளாக இருந்தான். ஓர் இடம் காலியானது. அப்போதைய செயலாளர் தனக்குத் தெரிந்த ஒருவரை நைசாக அதில் நுழைத்துவிட்டார். ஒரே ஒரு பெயர், மேலே ஒரு வரி. ஆறு வாரம் கழித்துக் கடலில் உள்ள மீன் கூண்டுகளுக்குப் போன வேலைப் படகு கவிழ்ந்தது. அதில் போன நான்கு பேரையும் ஒரே வாரத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதனால்தான் சங்கத் தலைவி போர்ஹில், புதிய நாட்காட்டியைச் செய்துதரக் கேட்டபோது, குன்வோர் காசுகூடப் பேசாமல் ஒப்புக்கொண்டாள். எப்போது, எங்கே, எனக்கு இடம் இருக்கிறதா: நாட்காட்டி என்றால் இந்த மூன்றுக்கும் ஒரே பார்வையில் பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. முடிந்துபோன நிகழ்ச்சிகள் கண்ணில் படாது. 'பார்க்கலாம்' என்று மழுப்புவதற்குப் பொத்தான் கிடையாது. வருகிறாயா இல்லையா, இரண்டில் ஒன்று; அதையும் அந்தப் பெயருக்கு உரியவர் மட்டுமே அழுத்த முடியும், வேறு யாரும் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. விலகிவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

"அவசரத்துக்கு ஒருத்தரை முன்னாடி தள்ள எனக்காவது ஒரு வழி வெச்சிருக்கலாம்ல?" என்று போர்ஹில் கூட்டத்தில் கேட்டாள்.

"வைக்கல."

"சரி, உனக்கு?"

"எனக்கும் இல்ல. யாருக்கும் இல்ல."

மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் காரணம் தெரியும். ஆளாளுக்குக் காபியைக் கிளறினார்கள்.

அடுத்த வியாழன் பட்டியலில் நான்கு பேர் இருந்தார்கள். தோர்கைருக்குக் கீழே, அவனோடு செத்த ஹால்வார், ஷூர், ஐலிஃப். படகில் இருந்த வரிசையா, கடலிலிருந்து எடுத்த வரிசையா, அவளுக்குத் தெரியாது. அன்று உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருக்கும்போது வாசல் மரப்படிகளில் ஓர் ஓசை கேட்டது. கனமான ரப்பர் பூட்ஸ்களில் ஒட்டிய பனியை உதிர்க்க ஆட்கள் காலைத் தட்டிக்கொள்ளும் ஓசை, அவசரமில்லாமல், அடுத்தவர் வீட்டு வாசலில் காட்டுகிற மரியாதையோடு, ஒருவர் முடித்ததும் இன்னொருவர். கதவை யாரும் தட்டவில்லை. பிறகு கதவிடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது: பண்ணைக்குப் போய்வந்தால் பூட்ஸைக் கழுவுகிற கிருமிநாசினியும் மீன் எண்ணெயும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. இருபத்தாறு வருஷம் அந்த வாசனையைத் திட்டியிருக்கிறாள். இப்போது வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே அதை மூச்சு முட்ட இழுத்தாள், அழுதாள்.

கதவைத் திறந்தாள். படிகளில் புதுப்பனி. ஒரு தடம்கூட இல்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் இல்வா ஃபெரிப் படகிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். அப்பா போனதிலிருந்து அந்த வீட்டில் அவள் ஒருமுறைகூட அவருடைய நாற்காலியைப் பார்த்ததில்லை. கண்ணை அதைச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில், யாரும் கேட்காமலே, சொன்னாள்.

"அன்னிக்குக் காலைல அப்பா கூப்பிட்டார்மா. துறைமுகத்துலேர்ந்து. நான் கட் பண்ணிட்டேன்."

"நீ வேலைல இருந்தடா கண்ணு."

"இல்லம்மா. பஸ்ல சும்மா உக்காந்திருந்தேன். பேச சோம்பேறித்தனம், அவ்வளவுதான்."

குன்வோர் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

மூன்றாவது வியாழன் மதியம் போர்ஹில் போனில் கூப்பிட்டாள். "திங்கக்கிழமை தளம் வெளியாகுது. சோதனைக்குப் போட்டதெல்லாம் இன்னும் கிடக்கு பாரு. மொத்தமா அழிச்சுடு."

"ஒரு நிகழ்ச்சில பழைய பேரு சில மாட்டிக்கிட்டிருக்கு."

"பேரை எடுக்க முடியாட்டி நிகழ்ச்சியையே அழி. அது உன்னால முடியும்ல?"

"முடியும்."

"குன்வோர், நீ சரியா சாப்பிடறியா?"

"வியாழக்கிழமைல சாப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முடியும்தான். 'நிகழ்ச்சியை அழி' என்ற சிவப்புப் பொத்தான் திரையின் மூலையில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தபடி அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழித்தால் பெயர் போய்விடும். கல்லறையில் ஒரு பெயர் இருக்கிறது, அது இறந்தவனுடைய பெயர். இங்கே இருப்பது காத்திருப்பவனுடைய பெயர். வெளியே பூட்ஸ்கள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டன. ஒரு பலகை முனகியது. யாரோ மெல்ல இருமினார்கள், அந்த இருமலை அவளுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்கப் பக்கத்துத் தலையணையிலிருந்து வந்த இருமல்.

ஒரே ஒரு சாப்பாடு, என்று நினைத்தாள். இல்வா அவன் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குப் பேசாததைப் பேசட்டும். எனக்கு வேண்டாம். நான் அவனோடு ஒன்பதாயிரம் தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

நாலரை மணி. தன் பெயருக்கு நேரே இருந்த 'வரவில்லை' பொத்தானை அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெளுத்தது. தோர்கைர்: வருகிறார்.

படிகளில் ஒரே ஒரு ஜோடிக் காலடி ஏறியது. குன்வோர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இருட்டு, பனி, ஆளில்லை. "தோர்கைர்" என்று கூப்பிட்டபடி வெறும் ஸ்வெட்டரோடு ஓர் அடி வெளியே வைத்தாள். ஈரமாக ஏதோ அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. அந்த வாசனை. சில்லென்ற காற்று. அவளுக்குப் பின்னால் கதவு, காற்று அறைந்து சாத்துவதுபோல இல்லாமல், யாரோ கைப்பிடியைத் திருகியதுபோலப் பதமாகச் சாத்திக்கொண்டது.

திறக்க வரவில்லை. இழுத்தாள், உதைத்தாள். பனியில் சறுக்கிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் போனாள்.

அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. ஆரஞ்சு நிறக் கடல் உடுப்பு, கழுத்தில் ஒட்டிய தலைமுடி. உடுப்பின் கையிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் பரவிக்கொண்டிருந்தது. நிற்காமல் ஒழுகியது. அவன் அசையவில்லை. மூச்சு விடுவதற்குரிய அசைவுகூட அந்த முதுகில் இல்லை.

அப்போதுதான் தனக்குப் பக்கத்தில் ஆட்கள் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மூன்று பேர். வாசல்படியிலிருந்து ஜன்னல்வரை, ஒருவருக்கொருவர் ஒரு கை தூரம் விட்டு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற ஒழுங்கோடு நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

பாதையில் இல்வா வந்தாள். "இல்வா, உள்ள போகாதே. இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்." கத்தினாள். இல்வாவின் கழுத்துத் துணி குன்வோரின் முழங்கையில் பட்டது. அவள் திரும்பவில்லை. சாவி போட்டுத் திறந்தாள். அவளுக்குக் கதவு திறந்தது.

குன்வோர் பின்னாலேயே பாய்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடி வழியே பார்த்தாள். இல்வா பையைக் கீழே போட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முழங்காலிட்டு, அந்த ஈர மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். பதினோரு மாதமாக அந்தப் பெண் தூக்கிச் சுமந்தது அவள் தோளிலிருந்து இறங்குவதைக் குன்வோர் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

அவனுடைய கை இல்வாவின் தலைமேல் வந்தது. தடவவில்லை. சும்மா அமர்ந்தது. அமர்ந்த இடத்திலேயே இருந்தது.

குன்வோருக்கு உள்ளே போக வேண்டும். இப்போதே. ஸ்வெட்டர் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். விரல் மரத்திருந்தது. 'வருகிறேன்.'

இடம் நிறைந்துவிட்டது. காத்திருப்போரில் நீங்கள் நான்காவது.

மேசைமேல் இருந்த இல்வாவின் கைபேசி ஒளிர்ந்தது. இல்வா நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்துப் பார்த்தாள். கைபேசித் திரையில் இடம் போதாதென்று, கடைசியாகச் சேர்ந்த பெயரை மட்டும் காட்டும்படி வைத்தது குன்வோர்தான். காத்திருப்பவர்: குன்வோர்.

இல்வா சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக அப்பாவிடம் ஏதோ சொன்னாள். உதடுகளை வைத்தே குன்வோருக்குப் புரிந்தது. *அம்மா வெளியில காத்துக்கிட்டிருக்காங்கப்பா. நான் பேசிட்டேன். என் இடத்தை அவங்களுக்குக் குடுக்கறேன்.*

"வேண்டாம்." கண்ணாடியை அடித்தாள். "வேண்டாம்டி. அது எனக்கு வராது. எனக்கு வராது."

கண்ணாடி ஓசையே எழுப்பவில்லை. இல்வாவின் கட்டைவிரல் திரையைத் தொட்டது.

வரிசையின் முதல் ஆள், ஹால்வார், தொப்பியைக் கழற்றினான். படியேறினான். கதவு திறந்து, பதமாகச் சாத்திக்கொண்டது.

பிறகு பார்த்தால் உள்ளே இல்வாவைக் காணோம். ஜன்னலுக்குள்ளே இரண்டு ஆரஞ்சு உடுப்புகள் எதிரெதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தன, நடுவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர்களில் யாரும் எழுந்திருக்கப்போவதில்லை. இறந்தவர்கள் 'வரவில்லை' என்று அழுத்த மாட்டார்கள்.

குன்வோர் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரம் விட்டு, இல்வா நின்றிருந்தாள். கோட்டு இல்லை. பனியில் வெறும் காலுறையோடு நின்றாள். குன்வோர் அவளைக் கட்டிப்பிடித்தாள், கன்னத்தைத் தேய்த்தாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இல்வா அவளைப் பார்க்கவில்லை. மற்றவர்களைப் போலவே, மரியாதையாக, பொறுமையாக, கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.