ஐந்தாவது சத்தம்

நான்கு பிளக்கும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. தம்புசாமிக்கு அதுதான் உறுத்தியது.

தோட்டத்து வேன் கிழடு. மேட்டில் முக்கும், பின்னால் நீலமாகப் புகை கக்கும். இப்போது ஓட்டம் விட்டுவிட்டு மிஸ் அடிக்கிறது என்று ஆபீஸ் கிராணி சொல்லியனுப்பியிருந்தார். ஓடுகிற இஞ்சினில் மரப்பிடித் திருப்புளியை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்து மின்சாரத்தை அடைத்துப் பார்த்தார் தம்புசாமி. செத்த பிளக்கானால் ஓட்டத்தில் மாற்றமே தெரியாது. நல்லதானால் இஞ்சின் அந்த நொடியே தொய்ந்துபோகும். நான்கிலும் தொய்ந்தது. ஆனாலும் அந்த ஓட்டத்துக்கு நடுவே ஒன்று கூடுதலாகக் கேட்டது. டொக். டொக் டொக்.

தெலுக் பங்லிமா காராங் தோட்டத்தில் மத்தியான மழை பிடித்திருந்தது. கொட்டகையின் தகரக் கூரையை அது அறைந்த அறையிலும், எரிந்த எண்ணெயும் ரப்பர் பாலின் புளிப்பும் கலந்த நாற்றத்திலும் நின்றுகொண்டு, காதைக் கூர்மையாக்கி, எங்கிருந்து வருகிறது இந்தச் சனியன் என்று தேடினார்.

"நாளைக்கு ரெண்டாம் லயத்துப் புள்ளத்தாச்சிய இதுலதான் ஏத்தணுமாம்ணே," என்றான் இஞ்சினைச் சுற்றிவிட வந்திருந்த பழனியப்பன். "வண்டி நல்லாருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தம்புசாமி முகத்தை இஞ்சினுக்குள் கவிழ்த்துக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு முன் இந்தப் பழனியப்பனின் பெண்டாட்டி மாரியாயியை, இடுப்புவலியோடு, இதே வேனின் பின்பெட்டியில்தான் கிடத்தினார்கள். சாரலுக்காகக் கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டாயிற்று. ஆண்கள் இருவரும் முன்னால். கிள்ளான் ரோட்டில் பாதி வழியில் இதே டொக் டொக் சத்தம் கேட்டது.

"என்னண்ணே சத்தம்?"

"இஞ்சின் மிஸ்ஸாவுது. வேற ஒண்ணுமில்ல."

அவரும் அப்படித்தான் நம்பினார், பெரிய மெக்கானிக்! பெட்டிக்கு அடியில் புகைக்குழாய் பிளந்திருந்ததும், அதைச் சார்டின் டின் தகரத்தையும் கம்பியையும் சுற்றி ஒப்பேற்றியதும் அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் பேர் கெட்டுவிடுமே என்று சொல்லவில்லை. கிள்ளான் ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்தபோது புகை முதலில் இறங்கியது. மாரியாயியின் முகம் மருதாணி அப்பியதுபோல் சிவந்து கிடந்தது. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்றார்கள், தம்புசாமி தலையாட்டினார். கருமாதியன்று பழனியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளக் காப்பாத்த அவ்ளோ வேகமா ஓட்டுனீங்களேண்ணே" என்று அழுதான். அந்தக் கருமாதிச் சோற்றை இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். வெட்கங்கெட்ட வயிறு.

டொக். டொக் டொக்.

முதல் பிளக்கின் கம்பியைப் பிடுங்கினார். இரண்டாவது. இஞ்சின் திணறி, உதறி, அடங்கியது. மனம் கேட்கவில்லை. மூன்றாவது. நான்காவது. நான்கு கம்பிகளும் கையில் தொங்கின.

மழை ஓய்ந்திருந்தது. தகரத்திலிருந்து சொட்டு விழுந்தது.

டொக்.

பின்னாலிருந்து.

டொக் டொக்.

பழனியப்பன் நிமிர்ந்தான். "என்னண்ணே சத்தம்?"

அதே கேள்வி. அதே குரல். உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லிவிடு. இப்போதாவது சொல்லித் தொலை. நாக்கு பழகிய பாட்டையே பாடியது.

"இஞ்சின்தான்பா."

பழனியப்பன் அவர் கையிலிருந்த நான்கு கம்பிகளையும் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். தம்புசாமி தரையைப் பார்த்தார். பின்கதவின் இடுக்கிலிருந்து நீலப் புகை கசிந்து, அவர் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மாரியாயி?" என்றான் பழனியப்பன், மெதுவாக.

தட்டுவது நின்றது.

கதவின் சின்னக் கண்ணாடி கரி படிந்து கறுத்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அதைத் துடைத்தது. ஐந்து விரல். அந்தக் கைக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, இன்னொரு கை வந்து ஒட்டியது. பெரிய நெல்லிக்காய் அளவுதான் அதன் உள்ளங்கை.

தாழ் வெளியேதான் போட்டிருந்தது.