சங்கு ஊதும் வரைக்கும்

ஐம்பத்தேழாம் வருஷம், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிச் சங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சண்முகவள்ளி தூக்குச்சட்டியோடு மில் வாசலில் வந்து நின்றாள். மேஸ்திரி ஆள் விட்டுக் கூப்பிட்டதால் ஆறு மாதத்துக்குப் பிறகு வருகிறாள்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, மதுரை ரோட்டோரம் இருந்தது அந்த நூல் மில். சங்கு ஊதுவதற்குள் உள்ளே போக வேண்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி ஒதுங்கி நடந்தார்கள். கருப்பம்மாள் மட்டும் பக்கத்தில் வந்தாள். பத்து வருஷம் அடுத்தடுத்த மெஷினில் நின்றவள்.

"வந்துட்டியா? நீ வரமாட்டேன்னுல்ல நெனச்சேன்."

"இன்னைக்கு ஒரு நா நின்னு பாக்குறேன். ஏலலன்னா வத்தலக்குண்டு போயிருவேன்."

வத்தலக்குண்டில் குர்ஷித் பேகம் இருந்தாள். திண்டுக்கல் பேகம்பூரில் சண்முகவள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள். புருஷன் இறந்தபின் அண்ணன் ஊருக்குப் போய் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு துணை வேண்டும், திங்கட்கிழமைக்குள் வந்தால் இரண்டாவது தையல் மெஷின் உனக்கு, வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சண்முகவள்ளிக்குத் தையல் தெரியாது. ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவுதான். மில் வேலை அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

ஆனால் அந்த மில்லில்தான் புரட்டாசியில் அவள் தங்கை பொன்னழகு செத்தாள்.

அம்மா போகும்போது பொன்னழகுக்கு ஆறு வயது. கட்டிய வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த சண்முகவள்ளிதான் அவளை வளர்த்தாள். பதினாறு வயதானதும் மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தான் நின்ற மெஷினுக்கு எதிரிலேயே வேலை வாங்கிக் கொடுத்தாள். ஒன்பதாம் நம்பர். வேலைக்குச் சேர்ந்து நாற்பத்தோராவது நாள், மேலே ஓடுகிற பெல்ட் அவள் பின்னலைச் சுற்றி இழுத்துக்கொண்டது.

மேஸ்திரி ராயப்பராஜ் இவளைக் கண்டதும் எழுந்து நின்றார். முன்பெல்லாம் எழ மாட்டார்.

"ஒன்பதாம் நம்பர்ல நில்லு, வள்ளி."

அவள் தூக்குச்சட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"அதுல நிக்க எவளும் வர மாட்டேங்குறா. ரெண்டு பேரை நிறுத்துனேன், ரெண்டு பேரும் அன்னைக்கே ஓடிட்டாளுக." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கூடப்பொறந்தவ. ஒன்னைய ஒண்ணும் செய்யாது."

அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

உள்ளே அதே வாசனை. எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாசனை. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. பாபின்களிலிருந்து நூலைச் சிட்டங்களாக, பெரிய வளையம் வளையமாகச் சுற்றுகிற மெஷின்கள் இரண்டு வரிசையாக நின்றன. சங்கு ஊதியது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்ததும், இரைச்சல் சுவர்போல எழுந்து ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அடைத்துவிட்டது.

அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுப் பெண்கள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். அந்தக் கோடியில் நிற்பவள் வாயசைத்தால் இந்தக் கோடியில் இருப்பவள் புரிந்துகொள்வாள். பொன்னழகு இதைப் பத்தே நாளில் கற்றுக்கொண்டு, நாள் முழுக்க அக்காவிடம் வம்பளந்துகொண்டிருப்பாள்.

ஒன்பது மணி வரை ஒன்றும் நடக்கவில்லை. கைகள் தாமாக வேலை செய்தன. பயந்ததெல்லாம் வீண் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பிறகு, கடைசிக் கோடியில் ஒரு நூல் அறுந்தது. முடிச்சுப் போடப் போனாள்.

முடிச்சு ஏற்கெனவே போட்டிருந்தது.

இன்னொன்று அறுந்தது. இவள் போய்ச் சேருவதற்குள் அதுவும் சேர்ந்திருந்தது. முடிச்சை விரலால் நிரடிப் பார்த்தாள். இடது பக்கமாகத் திருகிய முடிச்சு. பொன்னழகு இடதுகைக்காரி. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு முடிச்சு அப்படித்தான் விழும்.

எண்ணெய் வாசனைக்கு நடுவே சீயக்காய் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை தலை குளித்து, ஈரம் காயாமல் பின்னிய கூந்தலின் வாசனை.

சண்முகவள்ளி தலையை நிமிர்த்தவில்லை.

எதிரே யாரோ நிற்கிறார்கள். சுற்றுகிற நூல்களுக்கு அந்தப் பக்கம்.

நிமிர்ந்தாள்.

நூலுக்கும் நூலுக்கும் இடையில் பொன்னழகின் முகம் தெரிந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. களைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

உதடுகள் அசைந்தன.

"அக்கா, சங்கு ஊதிருச்சா?"

சண்முகவள்ளி ஒரு கையால் மெஷின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கும் இதே கேள்விதான். மத்தியானத்துக்கு மேல் பொன்னழகு எதிரிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கால் வலிக்குதுக்கா, வீட்டுக்குப் போகலாம்க்கா, மேஸ்திரிகிட்ட கேளுக்கா. புதுசாகச் சேர்ந்தவள் பாதியில் போனால் வேலை போய்விடுமே என்று சண்முகவள்ளிக்குப் பயம். கோபமாக வாயசைத்தாள்: "சங்கு ஊதட்டும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் எடத்தை விட்டு அசைஞ்சே, தோலை உரிச்சுப்புடுவேன்." பொன்னழகு தலையாட்டினாள். சங்கு ஊத இருபது நிமிஷம் இருந்தபோது அது நடந்தது.

அவள் அசையவே இல்லை. ஆறு மாதமாக இங்கேயே நிற்கிறாள்.

"அக்கா, கால் வலிக்குது."

சண்முகவள்ளி வாயசைத்தாள். "சங்கு ஊதுனதும் கூட்டிட்டுப் போறேன், கண்ணு."

"நெசமாவா?"

"நெசமா."

பொன்னழகு புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். புருவத்துப் பஞ்சு அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று சண்முகவள்ளிக்குத் தோன்றியது. அது மட்டும்தான் தோன்றியது. கையை நீட்டினாள். எட்டவில்லை. சட்டத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, இன்னும் நீட்டினாள். தலைக்கு மேலே பெல்ட் ஓடும் காற்று கழுத்தில் பட்டது. அது பட்டது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிற்கவில்லை. இன்னும் ஒரு சாண்தான், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம் என்று நிம்மதியாக இருந்தது.

பொன்னழகு கண்ணை அகல விரித்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். சண்முகவள்ளி தரையில் விழுந்தாள். கருப்பம்மாள் அவளை அப்படியே நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போய், காதோடு வாய் வைத்துக் கத்தினாள்.

"சாகப் பாத்தியாடி! கொண்டைக்கும் பெல்ட்டுக்கும் ஒரு விரக்கடைகூட இல்ல!"

"அவ நிக்கிறாடி. பாத்தேன்."

கருப்பம்மாள் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். "தெரியும். நாங்க எல்லாரும் பாத்திருக்கோம். நீ போயிரு, வள்ளி. இங்கன நீ ஒரு வாரம் தாங்க மாட்டே."

சண்முகவள்ளி எழுந்து மறுபடியும் ஒன்பதாம் நம்பருக்கே போனாள். சட்டத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, மூன்றரை மணி வரை வேலை செய்தாள். நூல் அறுந்தபோதெல்லாம் எதிர்ப்பக்கம் முடிச்சு விழுந்தது. வேலையை முடித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் நின்றாள்.

சங்கு ஊதியது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் நூல்களுக்கு நடுவே பார்த்து, இந்தத் தடவை வாய் திறந்தே சொன்னாள்.

"ஊதிருச்சு தாயி. வா, வீட்டுக்குப் போவோம்."

எதிரே யாரும் இல்லை. ஆனால் திரும்பி நடந்தபோது, முந்தானையை ஒரு கை பின்னால் பிடித்துக்கொண்டது. ஆறு வயதில் பிடித்துக்கொண்டு நடப்பாளே, அதே பிடி.

அவள் மெதுவாக நடந்தாள். குழாயடி, சைக்கிள் கொட்டகை, மண் முற்றம். வெயில் முகத்தில் அடித்தது. முந்தானை இழுபடுவதைக் கண்டு பெண்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள். 

வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்தாள்.

பிடி நின்றது.

இழுத்துப் பார்த்தாள். துணி வரவில்லை. வேரோடிய செடியைப் பிடித்து இழுப்பது போலிருந்தது.

"வா தாயி. வாடி."

வரவில்லை. திரும்பினாள். இரும்புக் கதவின் நிழலில், நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில், உதடுகள் மட்டும் தெரிந்ததுபோல் இருந்தது.

"நாளைக்கும் வருவியாக்கா?"

பெல்ட்டின் காற்று இன்னும் கழுத்தில் இருந்தது. அந்த நிம்மதியும் இருந்தது. நாளை வந்தால் என்ன செய்வாள் என்று சண்முகவள்ளிக்குத் தெரியும். நாளை வந்து இழுக்கக் கருப்பம்மாள் பக்கத்தில் இல்லாமலும் போகலாம். அதையும் பொன்னழகு நின்று பார்ப்பாள்.

"வாரேன்" என்றாள்.

பிடி விட்டது.

வாழ்நாளில் தங்கையிடம் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினாள். செம்பட்டி தாண்டும்வரை வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குர்ஷித் பேகம் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். முதல் மாதம் சண்முகவள்ளி தைத்ததெல்லாம் கோணலாகவே போனது. "பிரிச்சிட்டு மறுபடி தைம்மா, துணி ஓடிப்போயிருமா?" என்பாள். ஆடி பிறப்பதற்குள் ஜாக்கெட்டுக்குக் கை வைக்கப் பழகிவிட்டது. சாப்பிட்டாள், தூங்கினாள். சில நாள், வேலை முடியும் நேரத்தில் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வருவாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்கு வந்த கருப்பம்மாள் கடை தேடி வந்தாள். பட்டப்பகல். குர்ஷித் பேகம் மோர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கருப்பம்மாள் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிரு. எதுக்கு வந்தே?"

"ஒன்பதாம் நம்பர்ல இப்ப ஒண்ணும் இல்ல, வள்ளி. வேற ஒருத்தி நிக்கிறா. நல்லா ஓடுது."

"அப்ப அவ போயிட்டாளா?"

கருப்பம்மாள் தலைகுனிந்தாள். "வாசலுக்கு வந்துட்டா. தெனம் சங்கு ஊதுனதும் நாங்க வெளிய வாரோம்ல, அப்பப் பின்னால இருந்து முந்தானையப் பிடிக்கிறா. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. ஒவ்வொருத்தியாப் பிடிச்சுப் பாக்குறா. நீ இல்லன்னு தெரிஞ்சதும் விட்டுர்றா."

சண்முகவள்ளி மடியிலிருந்த தையல் துணியைக் கீழே வைத்தாள்.

"யாரும் இப்பப் பயப்படுறதில்ல. மெதுவா நடந்து குடுக்குறோம், அம்புட்டுத்தான். நேத்து என் முந்தானைய ரொம்ப நேரம் பிடிச்சிருந்தா. ஒன் வாசம் இருந்துச்சோ என்னமோ, நீ தச்சுக் குடுத்தனுப்புன ஜாக்கெட்டைத்தானே போட்டிருந்தேன். இந்தா பாரு, அதே சேலைதான்."

முந்தானையின் நுனியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்த கசங்கல் அதில் இருந்தது. நான்கு விரல்கள், எதிரே ஒரு கட்டைவிரல். இடது கை.

சண்முகவள்ளி அதைத் தொட்டாள்.

கசங்கல் ஈரமாக இருந்தது. நேற்றைய ஈரமில்லை. இப்போதுதான் பிடித்து, இப்போதுதான் விட்ட கையின் வெதுவெதுப்பான வியர்வை.