ஏழாம் நம்பரின் வரிகள்

விடுமுறை நாளின் பிற்பகல். ஆளில்லாத அலுவலகத்தில், ஏசியின் ஈர வாடைக்கும் கீழ்த்தளத்து விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் நடுவே, அவள் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பதினொரு சோதனைக் கணினிகளில் புது மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் தான் செய்வதை வரிவரியாக நெட்வொர்க் வழியே மாடிக்கு அனுப்பியது. திரையில் பதினொரு கட்டங்கள். பன்னிரண்டாவதாக ஒன்று தானாகத் திறந்தது: பழுதென்று கழற்றிவிட்ட ஏழாம் நம்பர்.

ஹார்டுவேர்காரரைப் போனில் பிடித்தாள்.

“அண்ணா, ஏழாம் நம்பர திரும்ப மாட்டிட்டீங்களா?”

“அதையா? போன வாரமே எடைக்குப் போட்டாச்சேம்மா. லீவு நாள்லயும் வேலையா? வீட்டுக்குப் போ, பாப்பா தனியா இருக்கும்ல.”

எட்டு வயது மகள். அவளுக்கு இவளை விட்டால் வேறு நாதியில்லை.

ஏழாம் கட்டத்தில் வரிகள் நகர்ந்தன. ‘இடம் தேடப்படுகிறது. கிடைத்தது. பழையது உள்ளது: முப்பத்து நான்கு வருடம்.’

அவளுடைய வயது. யாரிடமும் எதையும் கேட்காதே, கையில் சிக்கும் முதல் இடத்தைத் துடைத்துவிட்டு ஏறு என்று அந்த மென்பொருளுக்கான கட்டளைக் கோப்பில் எழுதியவள் அவளேதான். நேரம் மிச்சமாகுமாம்! தன் சாமர்த்தியத்தைத் தானே சபித்துக்கொண்டாள்.

‘கால்கள்: முடிந்தது.’

எழப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை.

“போடா! யாரு வீட்டுல வந்து யாரு குடியேறுறது?”

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். பதினொரு கட்டங்களும் உறைந்தன. ஏழு நிற்கவில்லை.

‘வலது கை: முடிந்தது. குரல்: முடிந்தது.’

கத்தினாள். சத்தம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். பயம் இருந்தது, அதைவிடக் கோபம் இருந்தது. விடமாட்டேன். என் பிள்ளையிடம் போகவிடமாட்டேன்.

‘இடது கை: தோல்வி. மீண்டும் முயல்கிறது.’

இடது கை. இன்னும் அவளுடையது. தரையோடு முடுக்கியிருந்த மேசைக் காலை அதனால் இறுகப் பற்றினாள்.

வலது கை போனை எடுத்தது.

“கண்ணு,” என்றது அவள் குரல், அவளுடைய அதே கொஞ்சலோடு. “அம்மா கிளம்பிட்டேன். கதவத் திறந்து வை.”

“சரிம்மா. சீக்கிரம் வா.”

கால்கள் எழுந்தன. வாசல் பக்கம் இழுத்தன. தோள் மூட்டு பிசகியது. நகம் பிய்ந்தது. பிடி தளரவில்லை.

வலது கை நிதானமாகப் போனை வைத்துவிட்டு, கேபிள் வெட்டும் கட்டரை எடுத்தது.

சுண்டுவிரலில் தொடங்கியது.

மற்ற நான்கும் இறுகின.