மயில் என்று சொல்லாதவள்

பாதையோரம் செத்துக் கிடந்த சிரிப்பான் குருவியைக் கைத்தடி நுனியால் புரட்டியபோது மயில்சாமிக்கு முதலில் பரிதாபம்தான் வந்தது. அப்புறம்தான் அலகைப் பார்த்தார். கீழ் அலகு பிய்ந்து தொங்கியது, உள்ளே நாக்கைக் காணோம். பூனை பிடித்தால் நெஞ்சைத் தின்னும், கீரி பிடித்தால் தலையைத் தின்னும். நாக்கை மட்டும் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு போகிற ஜந்து எது? ஃபேக்டரியில் ரிடையர் ஆன நாளிலிருந்து பைனாகுலரும் கழுத்துமாகத் திரிகிற மனுஷன் அவர். இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"ஏனுங்க, என்னங்க அது?" என்றாள் பின்னால் வந்த மனைவி வேலாமணி.

"ஒண்ணுமில்ல புள்ள. நீ மெதுவா வா."

குருவியைப் புதருக்குள் தள்ளிவிட்டார். அவளுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்தான் ஆகிறது. ஏற்றமில்லாத இடமாகப் பார்த்து நடக்கவிடுங்கள், பதறவிடாதீர்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அருவங்காட்டில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், கம்பிவேலி போட்டுக் கல்பாதை அமைத்து விட்டிருக்கிற இந்தச் சின்னச் சோலையைவிடச் சுளுவான இடம் எங்கே இருக்கிறது? கூட்டிவந்தவர் அவர். பத்திரமாகத் திருப்பி ஊடு சேர்க்க வேண்டியவரும் அவர்தான்.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் லிங்கசாமி தொண்டை கிழியக் கத்தினான். "மயில்சாமி அண்ணா, அஞ்சு மணிக்குக் கேட்டைப் பூட்டிருவேன், நேரமே வந்துருங்க."

அந்தச் சத்தம் மரத்துக்கு மரம் பட்டு உள்ளே போய் அடங்கியது.

"பாத்தியா, ஊரே என் பேரைச் சொல்லுது. நீயும் ஒருக்காச் சொன்னா நாக்கு அழுகியா போகும்?"

வேலாமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். கட்டிவந்த நாளிலிருந்து 'ஏனுங்க'தான். பேரில் பாதி என்பதால் மயில் என்கிற பறவையைக்கூட அவள் சொல்லமாட்டாள், 'தோகைக்காரன்' என்பாள். ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் கேட்ட நர்ஸிடம், "முருகன் ஏறுற வாகனம் இருக்குதல்லங்க, அதோட ஒரு சாமியச் சேத்துக்கங்க" என்று விளக்கப்போய், அந்தப் பெண் 'முருகன்' என்றே எழுதிவிட்டாள். இருந்தாலும் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சாவதற்குள் அவள் வாயால் ஒருமுறை அந்தப் பேரைக் கேட்டுவிட வேண்டும். வெளியே சொல்ல வெட்கம், அதனால் கிண்டலாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

குளிர்ந்த பாசி வாசமும் அழுகிய இலை வாசமும் கலந்து வர, வேலிப்பக்கமிருந்து மஞ்சு பனிமூட்டமாகப் புகுந்து, கண்ணுக்கெட்டிய மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே நெருங்கியது. உள்ளே எங்கோ ஒரு சிரிப்பான் சிரித்தது. பைனாகுலரைத் தூக்கினார். கிளை ஆடவில்லை. அதே சிரிப்பு, அதே இடத்திலிருந்து, அதே அளவில் திரும்பத் திரும்ப வந்தது. வேறொரு குருவியின் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வளைவில் ஒரு கேளையாட்டு மான்குட்டி கிடந்தது. தாடை மொத்தமும் பிடுங்கப்பட்டிருந்தது. ரத்தம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேல் தோலில் ஒரு பல் பட்ட தடம்கூட இல்லை.

"ஏனுங்க."

"பாக்காத புள்ள, திரும்பு" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றார். வேலாமணி அவருக்குப் பின்னால் நின்றாள். குரல் முன்னாலிருந்து வந்திருந்தது.

அவள் முகம் வெளிறிவிட்டது. "நானில்லீங்க" என்றாள்.

ஓடவும் முடியாது, அவள் நெஞ்சு தாங்காது. தன் ஸ்வெட்டர் நுனியை அவள் கையில் கொடுத்து, "விடாம புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, கேட் இருந்த பக்கம் நடந்தார். மஞ்சு முழுசாக இறங்கிவிட்டது. காலடிக் கல்கூடத் தெரியவில்லை. அவள் மூச்சு முதுகில் பட்டுக்கொண்டிருந்தவரை தைரியம் இருந்தது. வேர் தடுக்கி அவர் விழுந்தார். எழுந்தபோது ஸ்வெட்டர் நுனி வெறுமனே தொங்கியது.

"வேலாமணி."

"ஏனுங்க." இடப்பக்கம்.

"ஏனுங்க." வலப்பக்கம்.

இரண்டும் அவள் குரல்தான். இழுப்பும் கம்மலும்கூட ஒன்றுதான். மயில்சாமி கைத்தடியை இறுக்கினார். பூண் போட்ட முனை மேலே வரும்படி மாற்றிப் பிடித்தார். அந்த ஒரு வார்த்தையில் யார் பேரும் இல்லை. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

"என் பேரைச் சொல்லு புள்ள. நீதான்னா என் பேரைச் சொல்லு."

இடப்பக்கம் ஒரு விக்கல். "ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க. இங்கதானுங்க இருக்கறேன்."

"பேரைச் சொல்லு."

"ஏனுங்க..."

வலப்பக்கமிருந்து தெளிவாக வந்தது. வேலாமணியின் குரல். கொஞ்சமும் கூச்சமில்லை.

"மயில்சாமி."

அந்தப் பயத்திலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிவிட்டாள். கடைசியில் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் இடப்பக்கம் நிற்பது எது?

இலை சரசரத்தது. இடப்பக்கம். நெருங்கி வந்தது. ஈரமான கை ஒன்று அவர் தோளைப் பிடித்தது.

அடித்தார்.

பூண் எலும்பில் இறங்கியது. அது அலறியது. வேலாமணி மாதிரியே அலறியது. அந்த மோசடிதான் அவருக்கு வெறியேற்றியது. மறுபடி அடித்தார். விழுந்தது. விழுந்ததை அடித்தார். மண்டை. கை. மறுபடி மண்டை. கண்ணாடி வளையல் நொறுங்கியது.

வளையல்.

தடி நின்றது.

மஞ்சு கொஞ்சம் விலகியது. பழுப்பு ஸ்வெட்டர். அவள் தானே பின்னியது. நெற்றிப் பொட்டு இருந்த இடத்தில் குழி. ஒரு கண் மட்டும் அவரையே பார்த்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு நடுங்கின.

"ம..." என்றாள். "ம..."

"சொல்லாத புள்ள. சொல்ல வேண்டாஞ் சாமி" என்று அவர் மண்டி போட்டு அழுதார்.

வலப்பக்கக் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேலாமணியின் குரலிலேயே.

"அண்ணா, அஞ்சு மணிக்குக் கேட்டைப் பூட்டிருவேன், நேரமே வந்துருங்க."

அவருக்குப் பின்னால் இலை நசுங்கியது. பச்சை ரத்த வாடை. தடியைத் தூக்க நினைத்தார், கை வரவில்லை. தோளுக்கு மேலாக ஒரு நீளமான கை, முழங்கை இரண்டு இடத்தில் மடங்கிய கை, அவசரமே இல்லாமல் இறங்கியது.

இரண்டு விரல் வேலாமணியின் உதட்டைப் பிரித்தது. அவளுக்கு இன்னும் மூச்சு இருந்தது.