உமி

"உமியைக் கொட்டிவிடலாமா?" என்று சலிப்பி கேட்டது.

இந்துஜா கையிலிருந்த போண்டாவைக் கீழே வைக்காமலே, "கொட்டிடு" என்றாள்.

கோவையின் அந்தத் தெருவில் அன்று எந்தப் பட்டறையிலும் இயந்திரம் ஓடவில்லை. ஆண்டின் கடைசி வாரத்தில் வரும் சலிப்பு நாள் இப்போது ஆயுத பூஜை மாதிரி ஆகிவிட்டது. கடையைக் கழுவி, வாசலில் மாவிலை கட்டி, சலிப்பியை முடுக்கிவிட்டு ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்துகொள்வார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் தரவுக் களஞ்சியங்களைக் குளிர்விக்கும் தண்ணீருக்கும் போட்டி வந்த பஞ்சக் காலத்துக்குப் பிறகு, சிறுதொழில் ஒவ்வொன்றும் சேமித்து வைக்கும் தரவுக்கு அரசு ஒரு நினைவுப் பங்கு அளந்துவிட்டது. ஆண்டு பிறப்பதற்குள் அந்தப் பங்குக்குள் அடங்காத நிறுவனத்தின் திரைகள் இருண்டுவிடும்.

ஒரு வருடத்துப் பேச்சு, படம், விசாரிப்பு, புகார் எல்லாவற்றையும் மனிதர் உட்கார்ந்து பிரிக்க முடியாது. தரவைச் சலிக்கும் மென்பொருளான சலிப்பி பிரித்துவிடும். திரும்பத் திரும்ப வருவது அதற்கு அரிசி. வேறெதோடும் ஒத்துப்போகாமல், யாரும் மறுபடி எடுத்துப் பார்க்காமல் கிடப்பது உமி.

திரையில் இருந்த பழுப்பு மேடு சரிந்து மறைந்தது. இந்துஜாவுக்குத் தோளிலிருந்து ஏதோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் இருக்கும்.

அவளும் கணவன் தீபனும் தாலாட்டி செய்துகொண்டிருந்தார்கள். உத்தரத்தில் மாட்டிவிட்டால் குழந்தையின் அழுகையைக் கேட்டுத் தானே ஆடும் தொட்டில். பசிக்கு அழுவதையும் தூக்கத்துக்கு அழுவதையும் அது பிரித்தறியும். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். மூளைப்பெட்டி அவரவர் சொந்தமாகச் செய்வது. கொக்கியை மட்டும் எல்லோரும் ஒரே உலைக்காரரிடம் வாங்கினார்கள்.

மாசி மாதத்தில் தூத்துக்குடியில் ஒரு தாலாட்டி அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த பெண் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டது.

அது இந்துஜாவின் தாலாட்டி அல்ல. தெருக்கோடிப் பட்டறையில் செய்தது. போலீஸ் வந்து அந்தப் பட்டறைக்காரரை அழைத்துப்போய், மறுநாளே திருப்பி அனுப்பியது. அவருடைய நினைவுப் பங்கில் கொக்கியைப் பற்றி முன்புகார் ஒன்றுகூட இல்லை. தற்செயல் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

செய்தியைப் பார்த்தபோது இந்துஜா அடுப்படியில் நின்றிருந்தாள். உடைந்த கொக்கியின் படம் வந்தது. வெளியே பளபளப்பு, முறிந்த இடத்தில் உள்ளே முழுக்கக் கறுப்பு. அவளுக்கு ஒரு குரல் ஞாபகம் வந்தது.

"தீபன், போன வருஷம் ஒருத்தர் போன் பண்ணாரு, ஞாபகம் இருக்கா? தொட்டில் ஆடறப்ப மணலைக் கடிக்கிற மாதிரி சத்தம் வருதுன்னு."

"அவருக்குத்தான் வேற கொக்கி அனுப்பிட்டோமே."

"எந்த ஊர்க்காரரு?"

தீபன் திரையைத் தட்டிப் பார்த்தான். "இல்ல இந்து. உமியோட போயிருச்சு."

"நமக்கு வந்தது அந்த ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். அதனாலதான போச்சு."

அன்று மாலையே சங்கக் கட்டடத்தில் தாலாட்டிக்காரர்கள் கூடினார்கள். அடுத்த கடை லோகநாதன்தான் சங்கத் தலைவர். இறந்த குழந்தைக்கு எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். லோகநாதன் தொண்டையைச் செருமி, நம் தொழிலுக்குக் கெட்ட பேர் வராமல் பார்க்க வேண்டும் என்று தொடங்கினார். இந்துஜா எழுந்தாள்.

"லோகண்ணா, எனக்கு ஒரு புகார் வந்துச்சுங்க. கொக்கி சத்தம் போடுதுன்னு. ஒண்ணே ஒண்ணு."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், "எனக்கும் ஒண்ணு வந்துச்சுங்க" என்றார். "பாண்டிச்சேரிப் பக்கம்னு நினைக்கறேன். குருவி கத்தற மாதிரின்னு ஒரு அம்மா சொன்னாங்க."

"கொக்கி சூடாகுதுன்னு எனக்கு ஒருத்தர் சொன்னாரு. ராமேஸ்வரம்."

"எனக்கு வந்தது கடலூரு."

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியாக லோகநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் வந்துச்சு அம்மிணி" என்றார். "வேலை இல்லாதவன் ஏதோ பேசறான்னு விட்டுட்டேன்."

எல்லாம் கடற்கரை ஊர்கள். உப்புக் காற்று கொக்கியின் சுழல்கிண்ணத்துக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்றிருக்கிறது. ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அவை பல பட்டறைகளில் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாக உமியாகிப் போயின.

வாங்கியவர்களின் முகவரிகளும் யாரிடமும் இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்த முகவரியைச் சலிப்பி வைப்பதில்லை. தாலாட்டியும் ஒரே வீட்டில் தங்குகிற பொருள் அல்ல. அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு, அங்கிருந்து எதிர் வீட்டுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் நேரில் போனார்கள். கடற்கரையை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்துஜாவும் தீபனும் தூத்துக்குடிப் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பின் இருக்கையில் புதுக் கொக்கிப் பெட்டிகளை அடுக்கி, தெருத் தெருவாகச் சுற்றினார்கள்.

"தொட்டிலில் இருக்கும் பிள்ளையைத் தயவுசெய்து இறக்கிவிடுங்கள். எந்தக் கம்பெனித் தாலாட்டியாக இருந்தாலும் சரி. கொக்கியை இலவசமாக மாற்றித் தருகிறோம்."

சில வீடுகளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கழற்றிய கொக்கியைத் தீபன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், பாதிக்கு மேல் பிஸ்கட் மாதிரி உடைந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒருவர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். லுங்கி முழுக்க ஈரம். ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவர் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒலிபெருக்கியில் வந்த குரலை அடையாளம் கண்டுகொண்டு வந்திருந்தார்.

"யக்கா, போன வருசம் ஒங்ககிட்டதான் பேசினேன். ரெமிஜியுஸ். மணலு கடிக்கிற சத்தம்னு சொன்னேம்லா."

இந்துஜா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "உங்க பிள்ளை நல்லா இருக்கானுங்களா?"

"நல்லாருக்கான். நீங்க வேற கொக்கி அனுப்புனிய, மாட்டிட்டேன். எனக்கு வந்தது மட்டும்தான் கோளாறுன்னு நெனைச்சேன்." அவர் தெருவின் மறுமுனையைக் காட்டினார். ஒரு வீட்டு வாசலில் பந்தல் பிரித்த கழிகள் இன்னும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. "அந்தப் பிள்ள அங்கதான் இருந்துச்சு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகும்போது கன்னத்தக் கிள்ளிட்டுப் போவேன். அவங்க வீட்டுத் தொட்டிலுலயும் அந்தச் சத்தத்தக் கேட்டேன் யக்கா. அது வேற கம்பெனிதானன்னு விட்டுட்டேன்."

அவர் அழவில்லை. ஈரக்கையை லுங்கியில் துடைத்துத் துடைத்து நின்றார். இந்துஜாதான் அழுதாள்.

மழைக்காலத்துக்குள் எல்லோரும் கொக்கியை மாற்றினார்கள். உலைக்காரர் உப்பு ஏறாத வேறு உலோகத்தில் வார்த்துக் கொடுத்தார். விலை கூடுதல் என்றாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. தனிப் புகார்களை அழிக்கக்கூடாது, பட்டறைகளுக்கிடையே பகிர வேண்டும் என்று சங்கம் அரசின் நினைவுத் துறைக்கு மனு அனுப்பியது. மனுக்களை அங்கேயும் சலிப்பிதான் வாங்கியது. முன்பு யாரும் கேட்டிராத கோரிக்கை என்பதால் அதை எதோடும் சேர்க்க முடியவில்லை. பதில் வரவே இல்லை.

மறுபடி சலிப்பு நாள் வந்தது.

கொக்கி மாறியதும் புகார்கள் நின்றுபோயிருந்தன. அதனால் கொக்கி விவகாரம் முழுவதும் உமி மேட்டில் கிடந்தது: கடற்கரை வீடுகளில் அவள் பதிந்த பேச்சுகள், உடைந்த கொக்கிகளின் படங்கள், வீடு வீடாக ஒலியளந்து எடுத்த பதிவுகள், முகவரிகள். மறுபக்கம் அரிசி. பொக்கை வாய் சிரிக்கும் குழந்தைகளோடு தாய்மார்கள் அனுப்பிய பாராட்டுக் காட்சிகள். நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளைத் திரையில் காட்டும் முகப்பலகையில், புதிதாக வாங்க வருகிறவர்கள் பார்ப்பது அவற்றைத்தான்.

"உமியைக் கொட்டிவிடலாமா?"

"வேண்டாம்" என்றாள் இந்துஜா. "அரிசியைக் கொட்டிடு."

சலிப்பி அந்தக் கட்டளையை ஏற்கத் தயங்கி, மறுபடி கேட்டது. தீபன் எழுந்து வந்தான்.

"என்ன இந்து பண்ற? ரெண்டுக்கும் இடம் இல்ல. பலகையில என்ன தெரியும்? வெறும் புகாருதான் தெரியும்."

"தெரியட்டும்."

"மத்தவங்க யாரும் வச்சுக்கலியே. லோகண்ணா காலையிலேயே கொட்டிட்டாரு."

"அவங்களுக்கு ஞாபகம் இருக்குங்கறாங்க. நமக்குந்தான் ஞாபகம் இருந்துச்சு, பிள்ள செத்ததுக்கு அப்புறம்."

தீபன் அவள் தோளில் கை வைத்து, "சரி, உன் இஷ்டம்" என்றான். சிரிக்கும் குழந்தைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இந்த முறை தோளிலிருந்து எதுவும் இறங்கிய மாதிரி இல்லை.

அதன் பிறகு வந்த வருடங்களில் பட்டறை சுருங்கியது. இரண்டு பெஞ்சுகளை விற்றார்கள். தீபன் பகலில் வேறு ஆலைக்கு வேலைக்குப் போனான். இந்துஜா உமியை விடவில்லை. சலிப்பு நாள் வரும்போதெல்லாம் அதே பதிலைச் சொன்னாள். லோகநாதனுக்குப் பக்கவாதம் வந்து படுத்ததும், அவர் மருமகன் பிரணவ் பெங்களூருவிலிருந்து வந்து கடையை எடுத்துக்கொண்டான். சங்கத்தில் பழைய ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

ஒரு தை மாதக் காலையில் இளம் தம்பதி ஒன்று இந்துஜாவின் கடைக்குள் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். தாலாட்டியைத் தொட்டுப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "நல்லாருக்குல்ல?" என்று கணவனிடம் கேட்டாள். அவன் கைத்திரையில் முகப்பலகையைத் திறந்திருந்தான். முகம் மாறியது. மனைவியின் காதில் ஏதோ சொன்னான். "அப்புறம் வர்றோங்க" என்று வெளியேறி, அடுத்த கடைக்குள் நுழைந்தார்கள்.

இந்துஜாவுக்கு அது பழகிவிட்டது. ஆனால் சற்று நேரம் கழித்து வாசலுக்கு வந்தவள், பிரணவின் ஆள் அவர்களுக்காக ஒரு தாலாட்டியைப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தாள். அதன் கொக்கியைப் பார்த்தாள். படியிறங்கி ஓடினாள்.

"பிரணவ், இது பழைய கொக்கி!"

பிரணவ் மரியாதையாக எழுந்து நின்றான். "வாங்கக்கா. பழசு இல்லீங்க, போன மாசம் வந்த சரக்கு."

"அந்த உலோகத்தைச் சொல்றேன். அதை நாங்க எல்லாருஞ் சேர்ந்து நிறுத்துனோம். எதுக்கு மறுபடி வாங்குன?"

"கொள்முதல் எல்லாம் கடையோட மதியுரைஞன் மென்பொருள்தானுங்கக்கா பாக்குது. ரெண்டும் ஒரே எடை தாங்குது, இது விலை கம்மி. விலை கூடினதை வாங்கறதுக்குக் காரணம் ஏதாச்சும் இருக்கான்னு தேடிப் பாத்துச்சு. ஒண்ணும் பதிவாகலை."

"காரணம் இருக்கு. தூத்துக்குடில ஒரு குழந்தை செத்துப்போச்சு. உங்க மாமா கடைக்கும் புகார் வந்துச்சு, அவரே சொன்னாரு."

பிரணவின் முகம் உண்மையாகவே வாடியது. அவன் நல்ல பையன். உடனே மதியுரைஞனிடம் விசாரித்தான். பதிலைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க கடையில அப்படி ஒரு புகார் வந்ததா இல்ல. இந்தத் தெருவுல யாருக்குமே வந்ததா இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கொக்கி உடைஞ்சதுன்னு நாட்டுல இருக்கற பதிவு எல்லாம் உங்க கம்பெனி பேர்ல மட்டுந்தானுங்க இருக்கு."

பெட்டியைச் சுமந்துகொண்டு தம்பதி வண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இந்துஜா தன் கடைக்கு ஓடி ஒரு கொக்கியை எடுத்துக்கொண்டு அவர்கள் எதிரில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"எந்த ஊருங்க நீங்க?"

"நாகூர்" என்றாள் அந்தப் பெண்.

"தொட்டிலை மாட்டறப்ப இந்தக் கொக்கியைப் போட்டுக்கங்க. காசு வேண்டாம். உங்க ஊர்க் காத்துக்கு அது தாங்காது. சொன்னா கேளுங்க, அம்மிணி."

அந்தப் பெண் கையை நீட்டினாள். கணவன் மெதுவாக அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். அவன் குரலில் கோபம் இல்லை. பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துக் கவனமாக இருக்கும் ஒரு தகப்பனின் குரலாக இருந்தது.

"வேண்டாங்க மேடம். உங்க கொக்கியப் பத்தி நாங்க படிச்சுட்டோம்."

வண்டி தெருமுனையில் கிழக்கே திரும்பியது.